வெண்பலகைக்குள் வீடியோ: பேட்டன்ட்டை எதிர்க்க எந்த முன்சான்றை முன்னால் வைப்பது?

ஒரு தொடுதிரை வெண்பலகை. அதன் சட்டகத்திலேயே கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் இருக்கின்றன. இங்கே எழுதுவது தொலைவில் உள்ள இன்னொரு பலகையில் தெரிகிறது, அங்கே இருப்பவரின் முகம் இங்கே தெரிகிறது. இப்படி ஒரு சாதனத்தைச் செய்து விற்கும் சிறு நிறுவனத்துக்கு, "இது எங்கள் பேட்டன்ட்டுக்குள் வருகிறது, உரிமத் தொகை கட்டுங்கள்" என்று ஒரு கடிதம் வருவதாக வைத்துக்கொள்வோம். "இதெல்லாம் எப்போதோ வந்ததாயிற்றே" என்றுதான் பொறியாளர்களுக்கு உடனே தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதை நிரூபிக்கப் போகும் ஆவணம் எது என்ற கேள்வியில்தான் பணமும் காலமும் கரைகின்றன.

விண்ணப்பத் தேதிக்கு முன்பே உலகுக்குத் தெரிந்திருந்தது என்று காட்டும் ஆதாரத்தை முன்சான்று என்று அழைக்கலாம். இந்தத் துறையில் முன்சான்றுக்குப் பஞ்சமே இல்லை. அளவுக்கு மீறி இருப்பதால் எதை விடுவது என்பதுதான் பிரச்சினை. அமெரிக்க பேட்டன்ட் அலுவலகத்தில், ஏற்கெனவே வழங்கிய பேட்டன்ட் செல்லாது என்று கேட்கும் இன்டர் பார்ட்டீஸ் ரிவ்யூ என்ற மறுஆய்வு மனுவுக்கு 14,000 சொற்கள்தான் வரம்பு. கிளெய்மின் (எதற்கு உரிமை கோருகிறோம் என்று பேட்டன்ட் வரையறுக்கும் பகுதி) ஒவ்வொரு வரியையும் சான்றின் வரியோடு பொருத்திக் காட்டினாலே அது தீர்ந்துவிடும். அதனால் இரண்டு மூன்று ஆவணங்களைத்தான் முன்னால் நிறுத்த முடியும். ஆராய்ச்சிக் கட்டுரைகள், பழைய பேட்டன்ட்டுகள், கடையில் விற்ற பொருட்கள், தொழில்நுட்பத் தரநிலைகள் என்ற நான்கு வகைகளில் எதை எடுப்பது?

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிகப் பழையது எது என்று தேடி ஓடுவது வீண். கிளெய்மில் புதிது என்று நிற்கும் கடைசி இரண்டு வரிகளை எது நேராகச் சொல்கிறதோ, எந்த மன்றத்தில் (பேட்டன்ட் அலுவலகமா, நீதிமன்றமா) வழக்கைக் கொண்டு போகிறோமோ, இந்த இரண்டும்தான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

பழமை ஏன் போதாது என்பதற்குக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் செயல்விளக்கமே உதாரணம். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மேடையில் அமர்ந்து, மென்லோ பார்க்கில் இருந்த சக ஆய்வாளரின் முகத்தையும் குரலையும் திரையில் வரவழைத்து, இருவரும் ஒரே ஆவணத்தைப் பார்த்தபடி வேலை செய்து காட்டினார். கணினி வரலாற்றில் அதற்கு இணையான ஒன்றரை மணி நேரம் குறைவு. ஆனாலும் நம் வழக்குக்கு அது பலவீனமானது. அங்கே எழுதும் பரப்பு இல்லை, மவுஸும் விசைப்பலகையும்தான். அது ஒரு நிகழ்ச்சி. அதே மாநாட்டுக்காக அச்சான கட்டுரையில் என்ன இருக்கிறதோ அதுதான் அச்சுச் சான்று, மேடையில் நடந்தது முழுவதும் அல்ல. மனுவின் முன்னுரையில் ஒரு வரியாகச் சொல்லலாம், அடித்தளமாக வைக்க முடியாது.

சரி, ஒப்பிடுவதற்கு ஒரு கிளெய்ம் வேண்டும். நானே ஒன்றை எழுதிப் பார்க்கிறேன். விண்ணப்பத் தேதி 2009. விரல் தொடுதலை உணரும் பெரிய பரப்பு. அதே சட்டகத்தில் கேமராவும் மைக்கும். பரப்பில் எழுதும் கோடுகளை வலையமைப்பு வழியே இன்னொரு பலகைக்கு அனுப்பும் செயலி. அங்கிருந்து வரும் வீடியோவை எழுதும் பரப்பிலேயே காட்டும் சன்னல். அந்தச் சன்னலை விரலால் நகர்த்தும் வசதி. முதல் மூன்றும் அலங்காரம் போல. பேட்டன்ட்காரர் உண்மையில் காக்க நினைப்பது கடைசி இரண்டைத்தான். இந்தத் துறையில் கிடைக்கும் பேட்டன்ட்டுகளைப் படித்தால் இதே அமைப்பு திரும்பத் திரும்ப வருவது தெரியும்: தெரிந்த பாகங்களின் நீண்ட பட்டியல், கடைசியில் ஒரு சின்னத் திருப்பம்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தத் துறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஜான் டாங், ஸ்காட் மின்னமன் இருவரும் முதலில் வீடியோடிரா, பிறகு வீடியோவொயிட்போர்டு என்று இரண்டைச் செய்தார்கள். இரண்டாவது, மனிதர்-கணினி ஊடாட்டம் பற்றிய சிஎச்ஐ மாநாட்டில் 1991இல் வந்தது. ஒளி ஊடுருவும் பெரிய திரையில் ஒருவர் மார்க்கரால் எழுதுவார். திரைக்குப் பின்னால் இருக்கும் கேமரா அதைப் பிடித்து மறுமுனைத் திரையில் விழச் செய்யும். எழுதுபவரின் நிழலும் சேர்ந்தே விழும் என்பதால், எங்கே கை காட்டுகிறார், எங்கே விலகி நிற்கிறார் என்பது புரியும். ஆனால் முகம் தெரியாது. ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்கவும் முடியாது, ஏனென்றால் மை அவரவர் திரையில்தான் இருக்கிறது. நம் கிளெய்மின் "செயலி" என்ற வரிக்கு இது பதில் சொல்லாது.

ஜப்பானின் என்டிடி ஆய்வகத்தில் ஹிரோஷி இஷியும் மினோரு கோபயாஷியும் செய்த கிளியர்போர்டு இன்னும் அருகில் வருகிறது. 1992 சிஎச்ஐ கட்டுரை விவரிக்கும் முதல் வடிவத்தில் கண்ணாடிப் பரப்பில் மார்க்கரால் எழுதுவார்கள். அதே பரப்பின் ஊடாக எதிராளியின் முகம் தெரியும், கண்ணோடு கண் பார்த்துப் பேசலாம். அழிக்க முடியாத குறை இங்கேயும் இருந்தது. அதே ஆண்டு, கணினி வழிக் கூட்டுவேலை பற்றிய சிஎஸ்சிடபிள்யூ மாநாட்டில் வந்த இரண்டாம் வடிவம் அதைத் தீர்த்தது: டிஜிட்டல் பேனா, டீம்பெயின்ட் என்ற பல பயனர் ஓவிய மென்பொருள், பின்னணியில் முகத்தின் வீடியோ. எழுதும் பரப்பும் வீடியோவும் ஒன்றாக வேண்டும் என்பதுதான் அந்தக் கட்டுரையின் மொத்த வாதமே. இரண்டையும் சேர்க்க யாருக்குத் தோன்றியிருக்கும் என்று எதிர்த்தரப்பு கேட்டால், 17 ஆண்டுகளுக்கு முன்பே அதற்கான காரணத்தைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று காட்டலாம்.

ஜெராக்ஸின் லைவ்போர்டு கட்டுரையும் 1992 சிஎச்ஐயில் வந்ததுதான். ஏறக்குறைய பத்து லட்சம் பிக்சல் கொண்ட பெரிய திரை, கம்பியில்லாப் பேனா, தொலைதூரக் கூட்டுவேலை என்று எல்லாம் ஒரே சாதனத்தில். இதை முதல் சான்றாக வைக்கப் பலருக்கும் ஆசை வரும். ஆனால் கவனம் தேவை. லைவ்போர்டு பேனாவின் ஒளியை உணர்ந்தது, விரலை அல்ல. அந்தக் கட்டுரையின் அக்கறை எழுதும் பரப்பின் மீதுதான், கேமராவின் மீதல்ல. "விரல் தொடுதல்" என்று கிளெய்ம் சொல்லும்போது இரண்டு ஓட்டைகளை வேறு ஆவணத்தால் அடைக்க வேண்டியிருக்கும்.

கட்டுரைகளுக்குச் சட்டத்தில் இருக்கும் பலம் பெரியது. அமெரிக்காவில் அந்த மறுஆய்வு மனுவுக்கு பேட்டன்ட்டுகளும் அச்சு வெளியீடுகளும் மட்டுமே செல்லும். பொருளை மேசை மீது வைத்து இதோ பாருங்கள் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, 2013 மார்ச் 16க்கு முந்தைய விண்ணப்பங்களுக்குப் பழைய சட்டம் பொருந்தும். அதன்படி பொதுப் பயன்பாடும் விற்பனையும் அமெரிக்காவுக்குள் நடந்திருந்தால்தான் கணக்கு. ஜப்பானில் எத்தனை பேர் கிளியர்போர்டைப் பயன்படுத்தியிருந்தாலும் நம் 2009 பேட்டன்ட்டுக்கு அது முன்சான்று ஆகாது. ஆனால் அதைப் பற்றிய கட்டுரை உலகில் எங்கே அச்சானாலும் ஆகும். மாநாட்டுத் தொகுப்புகளின் தேதியை நிரூபிப்பதும் எளிது, நூலகத்தின் பதிவும் முத்திரையும் போதுமானவை.

பலவீனம் என்னவென்றால், இவை புகழ்பெற்ற கட்டுரைகள். பேட்டன்ட்டின் முதல் பக்கத்தில் ஏற்கெனவே மேற்கோள் காட்டப்பட்டிருக்கலாம். அலுவலகத்தின் பரிசோதகர் பார்த்துவிட்டே பேட்டன்ட் வழங்கியிருக்க, அதே சான்றைத் திரும்பக் கொண்டுவந்தால் மனுவை ஏற்க மறுக்கும் அதிகாரம் அலுவலகத்துக்கு உண்டு. ஆகவே எந்தக் கட்டுரையை எடுத்தாலும் விண்ணப்பத்தின்போது அலுவலகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து அடங்கிய பேட்டன்ட் கோப்பை முதலில் புரட்டுங்கள். இதைச் செய்யாமல் சாட்சி சொல்லும் நிபுணருக்குப் பணம் கட்டுவது வேதனையான வீண்செலவு.

பழைய பேட்டன்ட்டுகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றின் அழகு தேதியில் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பேட்டன்ட் விண்ணப்பம் வெளியான நாளில் இருந்து மட்டும் அல்ல, தாக்கல் செய்த நாளில் இருந்தே சான்றாகலாம். மறுஆய்வு மனுவிலும் வெளியான விண்ணப்பத்துக்குத் தாக்கல் தேதி செல்லும் என்று 2025 ஜனவரியில் லின்க் லேப்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. விண்ணப்பத் தேதிக்குச் சில மாதங்கள் முன்பு வேறு யாரோ தாக்கல் செய்த ஒன்று கிடைத்தால் அது பொன். இன்னொரு வசதி, பேட்டன்ட் எழுதுபவர்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்டுப் படம் வரைந்திருப்பார்கள். கிளெய்மோடு பொருத்துவது சுலபம். தேடும்போது மட்டும் இன்றைய சொற்களை நம்பக் கூடாது. பழைய ஆவணங்களில் எலெக்ட்ரானிக் பிளாக்போர்டு, டெலிரைட்டிங், டெலிகான்ஃபரன்ஸ், ஷேர்டு வொர்க்ஸ்பேஸ் என்றெல்லாம் இருக்கும். சொல்லை விட வகைப்பாட்டு எண் நம்பகமானது: வீடியோ மாநாட்டு அமைப்புகளுக்கான எச்04என் 7/15, தொடுதிரைச் சைகைகளுக்கான ஜி06எஃப் 3/0488, திரையில் இருப்பதை இன்னொரு திரைக்குப் படியெடுக்கும் ஜி06எஃப் 3/1454. இவற்றில் ஏதாவது இரண்டு எண்கள் சேர்ந்து இருக்கும் ஆவணங்களை முதலில் படியுங்கள்.

அப்புறம் பொருட்கள். நம் கிளெய்முக்கு மிக நெருக்கமான கதை இங்கே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 1991இல் வந்த ஸ்மார்ட் போர்டு கணினியோடு இணைந்த தொடுபலகை. விரல் பட்டால் அது மவுஸ் கிளிக்காகக் கணினிக்குப் போகும். 1996இல் மைக்ரோசாஃப்ட் நெட்மீட்டிங் என்ற இணையவழிக் கூட்ட மென்பொருளை வெளியிட்டது. அதில் பகிரும் வெண்பலகை இருந்தது, 1997இல் வந்த இரண்டாம் பதிப்பில் வீடியோவும் சேர்ந்தது. விண்டோஸ் 2000 உடனேயே அது கூட வந்தது. இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? பலகையில் விரலால் வரைவது நெட்மீட்டிங் வெண்பலகையில் கோடாகும், தொலைவில் இருப்பவருக்குத் தெரியும். அவர் முகம் ஒரு சன்னலில் வரும். அந்தச் சன்னலின் தலைப்பை விரலால் அழுத்தி இழுத்தால் நகரும், ஏனென்றால் விண்டோஸுக்கு அது மவுஸ் இழுப்புதான். கிளெய்மின் கடைசித் திருப்பம் எந்தப் புதுப் பொறியியலும் இல்லாமல் தானாகவே வந்துவிடுகிறது.

மிச்சம் இருப்பது ஒரே சட்டகத்தில் கேமரா என்ற வரி. 2005 அக்டோபரில் வந்த ஐமேக் ஜி5 திரைச் சட்டகத்திலேயே ஐசைட் கேமராவும் மைக்கும் கொண்டிருந்தது. 2007இல் ஹெச்பி அறிமுகப்படுத்திய டச்ஸ்மார்ட் ஐக்யூ770 இன்னும் ஒரு படி மேலே போனது: தொடுதிரையும் வெப்கேமராவும் ஒரே கணினியில். 2007இல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃபிளெக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதை இங்கே பயன்படுத்தலாம்: தெரிந்த பாகங்கள் தமக்குத் தெரிந்த வேலையையே செய்து, எதிர்பார்த்த பலனையே தந்தால், அவற்றைச் சேர்ப்பது துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதே. மேசைக் கணினியின் திரைச் சட்டகத்தில் இருந்த கேமராவைச் சுவர் அளவுத் திரையின் சட்டகத்துக்குக் கொண்டு போவதில் எதிர்பாராத பலன் என்று எதைக் காட்டுவார்கள்?

இவ்வளவு நன்றாக இருந்தும் பொருட்களுக்கு ஒரு விலை உண்டு. பொருள் நேரடியாக நிற்க முடிவது நீதிமன்றத்தில்தான். அங்கே பேட்டன்ட் செல்லாது என்று நிரூபிக்கத் தெளிவான, உறுதியான ஆதாரம் வேண்டும் என்று 2011இல் மைக்ரோசாஃப்ட் எதிர் ஐஃபோர்ஐ வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மறுஆய்வு மனுவில் எந்தப் பக்கம் தட்டு சற்றுத் தாழ்கிறது என்பதே அளவுகோல். நினைவில் இருந்து சாட்சி சொல்பவர்களை நீதிமன்றங்கள் அவ்வளவாக நம்புவதில்லை. 1892இல் வந்த முள்கம்பி பேட்டன்ட் தீர்ப்பிலேயே, ஆவணமோ பொருளோ துணை நிற்காத வாய்மொழிச் சாட்சியம் எவ்வளவு பலவீனமானது என்று உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. "நாங்கள் 1998இலேயே இப்படித்தான் கூட்டம் நடத்தினோம்" என்று பழைய ஊழியர் ஒருவர் சொல்வது மட்டும் போதாது. இயங்கும் நிலையில் பழைய பலகை, அதே பதிப்பு மென்பொருள், வாங்கிய ரசீது எல்லாம் வேண்டும்.

ஆகவே பொருளோடு சேர்த்து அதன் கையேட்டையும் தேடுங்கள். கையேடு அச்சு வெளியீடு. மறுஆய்வு மனுவுக்குச் செல்லும். தயாரிப்பாளரின் பழைய இணையப் பக்கங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கலாம். அந்த அமைப்பு 1996 முதல் சேமித்து வருகிறது, கேட்டால் உறுதிமொழிப் பத்திரமும் தரும். ஆனால் பக்கம் சேமிக்கப்பட்டிருந்தது என்பதோடு, அக்கறையுள்ள ஒருவர் அன்று அதைத் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றும் காட்ட வேண்டும்.

கையேட்டை மனுவிலும் பொருளை நீதிமன்றத்திலும் வைத்தால் ஒரே வாதத்தை இரண்டு முறை சொன்னதாகாதா என்ற கவலை நீண்ட காலம் இருந்தது. மறுஆய்வு மனு தோற்றால், அதில் எழுப்பிய காரணங்களையும் எழுப்பியிருக்கக் கூடியவற்றையும் பிறகு நீதிமன்றத்தில் சொல்ல முடியாது என்பது சட்டம். 2025 மே மாதம் இன்ஜெனிகோ எதிர் ஐஓஎன்ஜின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: பொருளைக் காட்டிச் சொல்லும் வாதத்தை மறுஆய்வில் எழுப்பவே முடியாது என்பதால் அந்தத் தடை அதற்குப் பொருந்தாது. சிறு நிறுவனங்களுக்கு இது பெரிய ஆறுதல். கையேடு ஒரு மன்றத்தில் தோற்றாலும் பொருள் இன்னொன்றில் உயிரோடு இருக்கும்.

தரநிலைகளைக் குறைவாக மதிக்கிறார்கள் என்பது என் வருத்தம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் டி.120 வரிசையில் டி.126 என்பது 1995இலேயே பலமுனைப் படப் பகிர்வுக்கும் அதன் மேல் கோடு போடுவதற்கும் விதி வகுத்தது. வீடியோ அழைப்புக்கான எச்.323 1996இல் வந்தது. கோடுகளை எப்படித் தரவாக மாற்றி எல்லா முனைகளுக்கும் அனுப்புவது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் ஆவணம் வேறு எளிதில் கிடைக்காது. ஆனால் தரநிலை சட்டகம் பற்றியோ விரல் பற்றியோ பேசாது. தனியாக நிற்காது, இரண்டாவது ஆவணமாகத்தான் வரும். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் டபிள்யூபி வெண்பலகைக் கருவியை உதாரணமாக எடுத்துக்கொண்ட 1995 சிக்காம் வலையமைப்பு மாநாட்டுக் கட்டுரையும் இதே வேலையைச் செய்யும். தரநிலையின் இறுதி வடிவத்துக்கு முந்தைய வரைவுகளை எடுத்தால் மட்டும் எச்சரிக்கை: அவை குழுவுக்கு வெளியே கிடைத்தனவா என்ற சண்டை வரும். 2019இல் சாம்சங் எதிர் இன்ஃபோபிரிட்ஜ் வழக்கு அதைப் பற்றியதுதான்.

ஐரோப்பாவில் கணக்கு வேறு. பேட்டன்ட் வழங்கி ஒன்பது மாதத்துக்குள் எதிர்ப்பு தெரிவிக்கலாம். எழுத்து, பேச்சு, பயன்பாடு எதுவாக இருந்தாலும், எந்த நாட்டில் நடந்தாலும் சான்றாகும். சந்தைக்கு வந்த பொருளை, அதன் உள்ளமைப்பைப் பகுத்து அப்படியே செய்ய முடியாது என்ற காரணத்துக்காக ஒதுக்கக் கூடாது என்று ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகத்தின் விரிவுபடுத்தப்பட்ட மேல்முறையீட்டு வாரியம் ஜி 1/23 என்ற முடிவில் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. இங்கே எனக்குப் பிடித்த வாதம் இன்னொன்று. எழுதும் பரப்பும் வீடியோவும் ஒரே பெட்டியில் இருந்தும் ஒன்றன் வேலையை மற்றொன்று மாற்றவில்லை என்றால், ஐரோப்பிய அலுவலகம் அவற்றை இரண்டு தனிப் பிரச்சினைகளாகப் பார்க்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக எளிதில் தோன்றக்கூடியது என்று காட்டினால் போதும். இரண்டையும் சேர்க்க ஒரு காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் முகமும் எழுத்தும் ஒன்றை ஒன்று சார்ந்து இயங்கும் கிளெய்மாக இருந்தால் இந்த வழி அடைபடும், அப்போது கிளியர்போர்டுதான் கை கொடுக்கும்.

நம் 2009 கிளெய்முக்கு வருகிறேன். திருப்பம் "சன்னலை விரலால் நகர்த்துவது" என்பதால், ஸ்மார்ட் போர்டு கையேட்டையும் நெட்மீட்டிங் வழிகாட்டியையும், பேட்டன்ட் செல்லாது என்பதற்கான முதல் காரணமாக வைப்பேன். சட்டகத்துக்கு டச்ஸ்மார்ட் ஆவணம், கோடுகள் பயணிக்கும் விதத்துக்கு டி.126. கிளியர்போர்டு இரண்டாவது காரணம். அதுவே "முகம் எழுத்துக்குப் பின்னால் தெரிவது" என்று கிளெய்ம் முடிந்திருந்தால் வரிசையைத் தலைகீழாக்குவேன். அப்போது நெட்மீட்டிங்கின் தனிச் சன்னல் எதற்கும் உதவாது.

மன்றம் பற்றி ஒரு நடைமுறைச் சிக்கல். வழக்கு ஆவணம் கையில் கிடைத்து ஓராண்டுக்குள் மறுஆய்வு மனு போட வேண்டும். அதோடு, ஆறு ஆண்டுக்கு மேல் அமலில் இருக்கும் பேட்டன்ட்டுகள் மீதான மனுக்களைத் தன் விருப்புரிமையால் மறுக்கும் போக்கை அமெரிக்க அலுவலகம் 2025இல் தொடங்கியது. நம் பேட்டன்ட் 2013இல் வழங்கப்பட்டது என்றால் இந்த ஆபத்து நிஜமானது. அப்போது மறுபரிசோதனைக் கோரிக்கை என்ற பழைய வழி இருக்கிறது: காலக்கெடு இல்லை, பெயரைச் சொல்லாமலும் கேட்கலாம். அங்கேயும் அச்சும் பேட்டன்ட்டும்தான் செல்லும். குறை என்னவென்றால், கோரிக்கையைக் கொடுத்தபின் பெரும்பாலும் பரிசோதகரும் பேட்டன்ட்காரரும்தான் பேசிக்கொள்வார்கள். நமக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் அங்கே போகும் ஆவணம், விளக்க ஆள் இல்லாமலேயே புரிய வேண்டும். படமும் எண்ணும் போட்ட கையேடு இந்த இடத்தில் ஆய்வுக் கட்டுரையை விட நன்றாக வேலை செய்யும்.

இந்த வேலையை இன்றே தொடங்குவதாக இருந்தால், நிபுணரைத் தேடும் முன் அந்தக் கையேடுகளின் தேதிச் சான்றைத் தேடுவேன். மாநாட்டுத் தொகுப்புகள் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன, இன்னும் பல ஆண்டுகள் இருக்கும். பழைய மென்பொருள் வழிகாட்டிகளும் வன்பொருள் கையேடுகளும் அப்படி இல்லை. பெட்டியோடு சேர்ந்து குப்பைக்குப் போனவை அவை. பதிப்பு எண்ணும் அச்சான ஆண்டும் கொண்ட ஒரு பிரதி கிடைத்தால், அதை வைத்திருப்பவரிடம் எப்போது, எப்படிக் கிடைத்தது என்று அன்றே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.